வாடகைக்கு இருப்பவர் ‘வீடு என்னுடையது’ என்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வீடு, கடை, மனை வாடகைக்கு விட்டவருக்கும் எடுத்தவருக்கும் நடுவே ‘சொத்து யாருடையது’ என்று கிளம்பும் வழக்குகளைப் பற்றிய பக்கம் இது. வாடகை பாக்கி, அட்வான்ஸ் தகராறு எல்லாம் இங்கே தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வரும். கேள்விகளில் பாதி ஓனர்கள் கேட்பவை, பாதி குடியிருப்பவர்கள் கேட்பவை. இரண்டு பக்கத்துக்கும் பதில் ஒன்றுதான். கடைசி முடிவை உங்கள் பத்திரங்களைக் கையில் வாங்கிப் பார்த்த வக்கீலிடம் கேட்டு எடுங்கள்.

ஒரே வீட்டில் 12 வருஷம் வாடகைக்கு இருந்தால் வீடு எனக்குச் சொந்தமாகிவிடுமா?

ஆகாது. 12 வருஷம் என்ன, மூன்று தலைமுறை இருந்தாலும் ஆகாது. வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் இந்தச் செய்தியை நம்பி வாடகையை நிறுத்தியவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் காலி செய்யச் சொல்லும் உத்தரவும், பாக்கியைக் கட்டச் சொல்லும் உத்தரவும்தான்.

அந்த 12 வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்திலிருந்து. ஒருவர் சொத்தை இன்னொருவர் உரிமையாளருக்கு எதிராக, அவர் அறியக்கூடிய விதத்தில் வெளிப்படையாக, தனக்கே சொந்தம் என்ற எண்ணத்தோடு, இடைவிடாமல் 12 வருஷம் அனுபவித்து வந்தால், உரிமையாளர் அதைத் திருப்பிக் கேட்கும் உரிமையை இழக்கிறார். எதிரிடை அனுபவம் என்பது இதுதான். இதில் ‘எதிராக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவர் உள்ளே வந்ததே ஓனரின் அனுமதியோடு. மாசா மாசம் கொடுக்கும் வாடகை அந்த அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அனுமதியோடு இருக்கும் வரை அனுபவம் எதிரிடையாக மாறாது.

சரி, வாடகையே கொடுக்காமல் 12 வருஷம் இருந்தால்?

வாடகை நின்றுபோனதால் மட்டும் வாடகைதாரர் உரிமையாளராகிவிட மாட்டார். அவர் வாடகை பாக்கி வைத்தவர் ஆகிறார், அவ்வளவுதான். ஓனருக்கு நஷ்டம் வேறு இடத்தில்: பழைய வாடகை பாக்கியை 3 வருஷத்துக்குள் கேட்டு வழக்குப் போட வேண்டும். அதற்கு முந்தைய பாக்கி காலாவதி.

ஆனால் ஓனர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டீஸ் கொடுத்து வாடகை உறவை முறித்துவிட்டு, அப்புறம் ‘பாத்துக்கலாம்’ என்று தூங்கிவிடக் கூடாது. வாடகை முடிந்த நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் சொத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 67-ஆவது இனம் சொல்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய அப்பா இறந்துபோய், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அந்த நோட்டீஸின் தேதிதான் முதலில் பார்க்க வேண்டியது.

ஓனரின் பத்திரத்திலேயே கோளாறு இருக்கிறது. அதைக் காட்டி வழக்கை உடைக்க முடியாதா?

குடியிருப்பவர்கள் அதிகம் நம்பி ஏமாறும் இடம் இது. பத்திரத்தில் சர்வே எண் தப்பு, தாய்ப்பத்திரம் இல்லை, ஓனரின் தாத்தா பெயரில் பட்டாவே இல்லை என்று ஒரு கட்டு நகலோடு வருவார்கள். உழைப்பு நிஜம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 116-ஆவது பிரிவில் இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 122-ஆவது பிரிவாக வந்திருக்கிறது. அடிப்படை ஒன்றே: ஒருவரை ஓனர் என்று ஏற்று வாடகைக்குள் நுழைந்தவர், வாடகை நடக்கும் காலத்தில் (புதிய பிரிவின்படி அது முடிந்த பிறகும்), ‘வாடகை தொடங்கியபோதே அவருக்கு உரிமை இல்லை’ என்று வாதிட முடியாது. 1915-இல், அப்போது இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் பழைய விதியை இன்னும் கறாராகச் சொன்னது. ஓனரின் உரிமை எவ்வளவு ஓட்டையானதாக இருந்தாலும் சரி, முதலில் சாவியை வெளிப்படையாக ஒப்படைத்துவிட்டு அப்புறம் பேசு என்பதே அதன் சாரம். நூறு வருஷம் கழித்தும் இந்திய நீதிமன்றங்கள் அதே பாதையில்தான் போகின்றன.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? குடியிருப்பவர் கூண்டில் நிற்கிறார். ஓனரின் உரிமை மூலத்தைக் கிழித்துத் தொங்கவிடத் தயாராக வந்திருக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீலோ பத்திரத்தின் பக்கமே போகமாட்டார். மஞ்சளாகிப்போன முத்திரைத்தாளை நீட்டுவார். “இந்த வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?” “ஆமாம்.” “இதன்படி வாதியிடம் வாடகை கொடுத்தீர்கள்?” “கொடுத்தேன்.” “எதுவரைக்கும்?” “போன வருஷம் தீபாவளி வரைக்கும்.” “அதுவரைக்கும் வீடு உங்களுடையது என்று எங்கேயாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா?” “இல்லை.” “வேறு கேள்வி இல்லை.” மூன்று வருஷமாகச் சேர்த்த நகல் கட்டு பிரிக்கப்படாமலே கிடக்கும்.

இந்தத் தடைக்கும் எல்லை உண்டு. வாடகை தொடங்கிய நாளில் ஓனருக்கு இருந்த உரிமையைத்தான் கேள்வி கேட்கக் கூடாது. அதன் பிறகு அவர் சொத்தை விற்றுவிட்டார், கோர்ட் ஏலத்தில் போய்விட்டது, அரசு கையகப்படுத்திவிட்டது என்று சொல்ல வாடகைதாரருக்கு உரிமை இருக்கிறது. கையெழுத்தே தன்னுடையது இல்லை, வாடகைக்கே வரவில்லை என்றும் சொல்லலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டிவரும்.

என்னை வாடகைக்கு வைத்தவர் இறந்துவிட்டார். இப்போது வேறு யாரோ வந்து ‘நான்தான் ஓனர்’ என்கிறார். அவரையும் கேட்கக் கூடாதா?

தாராளமாகக் கேட்கலாம். உங்களை உள்ளே வைத்தவர் வேறு, இப்போது வந்திருப்பவர் வேறு. இவருக்கு எப்படி வந்தது என்பதைக் காட்டும் கடமை இவருடையது. வாங்கியவர் என்றால் கிரையப் பத்திரம், வாரிசு என்றால் வாரிசுச் சான்று, உயில் என்றால் உயில். ‘பத்திர நகலைக் காட்டுங்கள், வாடகையை உங்களுக்கே கொடுக்கிறேன்’ என்று எழுதிக் கேட்பது உரிமையை மறுத்ததாகாது. அதை எழுத்தில் கேட்டு, பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆனால் ஒருமுறை அவரிடம் வாடகை கொடுத்துவிட்டால், அவரையும் ஓனராக ஏற்றுக்கொண்டதாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். கூகுள் பேயில் அனுப்பினாலும் கொடுத்தது கொடுத்ததுதான். இப்போதெல்லாம் பழைய ரசீதுப் புத்தகத்தின் இடத்தில் அந்த வங்கிக் கணக்குப் பட்டியல்தான் கோர்ட்டில் பேசுகிறது. அதனால் கேட்பதை முதல் மாசமே கேட்டுவிடுங்கள்.

புது ஓனர் உங்களோடு புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 109-ஆவது பிரிவின்படி பழைய ஓனரின் உரிமைகள் அவருக்குத் தானாகவே வந்துவிடும். விற்றது தெரியாமல் நீங்கள் பழைய ஓனருக்கே கொடுத்துவந்த வாடகைக்கு மறுபடி பொறுப்பாக மாட்டீர்கள். நல்லெண்ணத்தில் கொடுத்த வாடகையை, வாங்கியவரின் உரிமையில் பின்னால் குறை தெரிந்தாலும், இன்னொருவர் திரும்ப வசூலிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 50-ஆவது பிரிவும் காப்பாற்றுகிறது.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் தனித்தனியாக வாடகை கேட்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது?

யாருக்கும் கொடுக்காமல் இருப்பதுதான் மோசமான வழி. பங்காளிச் சண்டையில் சிக்கிய வாடகைதாரர் ‘அவங்க முடிவு பண்ணட்டும்’ என்று ஒரு வருஷம் நிறுத்திவைத்தால், கடைசியில் ஜெயித்தவர் அதையே காரணமாக்கிக் காலி செய்யச் சொல்வார். இருவருக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வாடகை அதிகாரியிடம் (2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் உள்ள அலுவலர்) பணத்தைக் கட்ட வழி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

சிவில் கோர்ட்டில் ‘இருவரில் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று நீங்களே தீர்மானியுங்கள்’ என்று வாடகைதாரரே போடும் ஒரு வகை வழக்கும் உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆவது கட்டளையில் அது வருகிறது. அதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: உங்கள் ஓனரின் வழியாக உரிமை கோருபவர்களை, அதாவது அவரது வாரிசு, அவரிடம் வாங்கியவர் போன்றவர்களை மட்டும்தான் இப்படிக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். முற்றிலும் வெளியாள் ஒருவர் உரிமை கொண்டாடினால் ஓனரையும் அவரையும் மோதவிட வாடகைதாரருக்கு அனுமதி இல்லை. சுற்றிச் சுற்றி அதே விதிதான்.

இன்னொன்று: கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மட்டும் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். ‘மற்றவர்கள் ஏன் வரவில்லை’ என்று வாடகைதாரர் கேட்பதை உச்ச நீதிமன்றம் 1976-லேயே ஏற்கவில்லை.

ஓனரின் உரிமையை மறுத்து எதிருரை (வழக்குக்கு எழுத்தில் தரும் பதில்) போட்டால் என்ன ஆகும்? அதிகபட்சம் தோற்பேன், அவ்வளவுதானே?

அவ்வளவோடு நிற்காது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 111-ஆவது பிரிவின்படி, வாடகைதாரர் தனக்கே சொந்தம் என்றோ, மூன்றாம் ஆளுக்குச் சொந்தம் என்றோ சொன்னால், அந்தக் காரணத்துக்காகவே குத்தகையைப் பறிக்க ஓனருக்கு உரிமை வருகிறது. அவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இது தனிக் காரணமாகவே இருந்தது. நேர்மையில்லாமல் உரிமையை மறுத்தால் காலி செய்ய உத்தரவு. மறுப்பு நேர்மையானது என்று வாடகைக் கட்டுப்பாட்டாளருக்குத் தோன்றினால், ‘சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்’ என்று ஓனரை அனுப்பிவிடுவார். அந்தச் சட்டத்தின் கீழ் தொடங்கிய வழக்குகள் அதன்படியே தொடர்கின்றன. அதனால் இந்தப் பாகுபாட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

வழக்கை இழுத்தடிக்க வேண்டும், நாலு வாய்தா கூடக் கிடைக்கும் என்பதற்காக ‘வாதிக்கு உரிமை இல்லை’ என்று ஒரு வரி சேர்ப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. என் கருத்தில், வாடகைதாரர் தரப்பு எழுதும் வரிகளில் இதைவிட விலை அதிகமான வரி இல்லை. வாடகை பாக்கி வழக்கு என்றால் பணத்தைக் கட்டிச் சமாளிக்கலாம். சொந்தத் தேவை என்றால் அவகாசம் கேட்கலாம். உரிமையை மறுத்தவருக்கு நீதிபதியிடம் கேட்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வழக்கு எந்தக் கோர்ட்டில் போட வேண்டும்?

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம். இதில் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று அடுக்கு. வீடும் கடையும் காலி செய்யும் வழக்கு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இந்தச் சட்டம் கொண்டுவந்ததுதான். பதினொரு மாசத்துக்கு எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்ளும் பழைய பழக்கம் இதற்குப் பொருந்தாது.

வாடகை நீதிமன்றம் ‘சொத்து யாருடையது’ என்பதைத் தீர்மானிக்க முடியாது. சட்டமே அப்படிச் சொல்லிவிட்டது. வாடகை உறவு இருக்கிறதா, காலி செய்யக் காரணம் இருக்கிறதா என்பதோடு அதன் வேலை முடிந்தது. உரிமை யாருக்கு என்று தீர்ப்பு வேண்டுமென்றால் சிவில் கோர்ட்தான். வெறும் மனையை வாடகைக்கு விட்டிருந்தாலும் சிவில் கோர்ட்தான். அங்கே மாத வாடகை என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

நான் ஓனர். ‘சொத்து எனதே’ என்று விளம்புகை (உரிமை யாருக்கு என்று கோர்ட் அறிவிப்பது) கேட்டு வழக்குப் போட வேண்டுமா, காலி செய்யச் சொன்னால் போதுமா?

கையில் வாடகை ஒப்பந்தமோ, வாடகை வாங்கியதற்கு ஆதாரமோ தெளிவாக இருந்தால் காலி செய்யும் வழக்கோடு நில்லுங்கள். அவர் ‘என்னுடையது’ என்று கத்தியதும் பதறிப்போய் உரிமை வழக்கு தொடுக்கும் ஓனர்கள், எதிராளி விரித்த பாயில் போய் உட்காருகிறார்கள். வாடகை வழக்கில் நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒரு கையெழுத்து. உரிமை வழக்கில் தாத்தா காலத்துப் பத்திரம் முதல் பாகப்பிரிவினை வரை ஒவ்வொரு கண்ணியும்.

செலவையும் பாருங்கள். சிவில் கோர்ட்டில் வாடகைதாரரிடமிருந்து சுவாதீனம், அதாவது சொத்தைத் தன் கைக்கு, கேட்கும் வழக்குக்கு, முந்தைய ஒரு வருஷ வாடகையை வைத்துத்தான் நீதிமன்றக் கட்டணம். மாசம் 8,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 96,000. அதில் 3 சதவீதம் 2,880 ரூபாய். அதே மனைக்கு உரிமை விளம்புகையும் சுவாதீனமும் கேட்டால் சந்தை மதிப்பில் கட்ட வேண்டும். மதிப்பு 60 லட்சம் என்றால் 1,80,000 ரூபாய். 2017-க்கு முன்னால் இது 7.5 சதவீதமாக இருந்தது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

விளம்புகை கட்டாயம் கேட்க வேண்டிய இடமும் உண்டு. ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை, எதிராளி கையில் தன் பெயருக்கு ஒரு கிரையப் பத்திரம் வைத்திருக்கிறார் என்றால், உங்கள் உரிமையின் மேல் நிஜமாகவே ஒரு மேகம் விழுந்துவிட்டது. அப்போது வெறும் தடை உத்தரவு வழக்கு நிற்காது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக வரையறுத்திருக்கிறது. ‘சும்மா ஒரு இன்ஜங்ஷன் போட்டு வைப்போம்’ என்று தொடங்கி, பத்து வருஷம் கழித்து ‘விளம்புகை கேட்கவில்லை’ என்ற காரணத்தால் தள்ளுபடியாவது சகஜம்.

பட்டா, வரி ரசீது, ஈபி கார்டு எல்லாம் வாடகைதாரர் பெயரில் இருக்கிறது. ஆபத்தா?

தலைவலி, ஆனால் தலை போகாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது உரிமையைத் தருவதில்லை. சொத்து வரி ரசீது வரி கட்டியதைக் காட்டும். மின் இணைப்பு அங்கே குடியிருந்ததைக் காட்டும். இவற்றை மட்டும் வைத்து யாரும் உரிமையாளர் ஆகிவிட முடியாது.

அதற்காக அலட்சியமாக இருக்காதீர்கள். வாடகை ஆதாரம் இல்லாத வழக்கில், எதிராளி இருபது வருஷ வரி ரசீதை வரிசையாக அடுக்கும்போது, ‘இவர் வாடகைக்குத்தான் இருந்தார்’ என்ற உங்கள் வாய்மொழி மெலிந்துபோகும். வெளியூரில் இருக்கும் ஓனர் செய்ய வேண்டியது, வருஷத்துக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது. சொத்தின் மேல் யாராவது கிரையம், செட்டில்மென்ட், பவர் என்று பதிந்திருந்தால் அதில் தெரியும். பவர் பத்திரத்தையும் விற்பனை ஒப்பந்தத்தையும் காட்டி ‘வாங்கிவிட்டேன்’ என்று சொல்பவருக்கு 2011-ஆம் ஆண்டு சூரஜ் லாம்ப் வழக்குத் தீர்ப்பே பதில்: பதிவு செய்த கிரையப் பத்திரம் இல்லாமல் உரிமை மாறாது.

ஓனரோடு எனக்கு விலைக்கு வாங்கும் ஒப்பந்தம் இருக்கிறது. முன்பணமும் கொடுத்துவிட்டேன். இன்னும் நான் வாடகைதாரர்தானா?

ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்தது. விற்பனை ஒப்பந்தம் போட்டதாலேயே வாடகை உறவு அறுந்துவிடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து வாடகை கிடையாது, இனி வாங்குபவராகவே இருக்கிறார் என்று ஒப்பந்தத்திலிருந்து தெரிய வேண்டும். விலையில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு, சுவாதீனத்தையும் வாங்குபவர் என்ற முறையில் ஒப்படைத்துவிட்ட ஓனர், பிறகு வாடகை பாக்கி என்று வழக்குப் போட்டபோது, வாடகை உறவு முடிந்துவிட்டது என்று 2000-இல் தீர்ப்பானது. இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலான வழக்குகள் விழுகின்றன.

அதனால் ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, வாடகை நின்றதா தொடர்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்; 2001-க்குப் பிறகு, பதிவு இல்லாத ஒப்பந்தத்தை வைத்து ‘சுவாதீனத்தை விடமாட்டேன்’ என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53-ஏ பிரிவின் பாதுகாப்பைக் கேட்க முடியாது. ஓனர் கிரையம் செய்து தர மறுத்தால் 3 வருஷத்துக்குள், ஒப்பந்தப்படி செய்து தரச் சொல்லும் ‘ஏற்றதை ஆற்றுக’ வழக்குத் தொடுக்க வேண்டும். ‘வாடகையும் கேக்கல, ஒன்னும் சொல்லல’ என்று அந்த மூன்று வருஷத்தைக் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம்.

பங்காளிகளில் ஒருவரிடம் அவர் பங்கை வாங்கிவிட்டேன். இனி என்னை யார் காலி செய்யச் சொல்ல முடியும்?

மற்ற பங்காளிகள். ஒரு பங்கை மட்டும் வாங்கியதால் முழு வீட்டின் வாடகை உறவும் கரைந்துவிடாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் வாங்கிய பங்குக்குப் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம்.

மனை மட்டும்தான் வாடகை. கட்டடம் நான் கட்டியது. அப்போதுமா எனக்கு உரிமை இல்லை?

சென்னையில் வட சென்னைப் பக்கமும், பழைய நகரங்களின் கடைவீதிகளிலும் இது நிறைய உண்டு. அடிமனை ஒருவருடையது, மேலே உள்ள கட்டடம் இன்னொருவருடையது. தாத்தா காலத்தில் மாசம் ஏழு ரூபாய்க்கு எடுத்த மனை, அதன்மேல் ஓட்டு வீடு, பிறகு அது மாடி வீடு. இவர்களுக்காகவே 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோர்ட் வராந்தாவில் ‘சிட்டி டெனன்ட்ஸ் ஆக்ட்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இதன் 3-ஆவது பிரிவின்படி காலி செய்ய நேர்ந்தால் கட்டடத்துக்கு இழப்பீடு. 9-ஆவது பிரிவு அதைவிடப் பெரியது: அந்த மனையைத் தனக்கே விற்கும்படி ஓனருக்கு உத்தரவிடச் சொல்லி வாடகைதாரர் கேட்கலாம். முழு மனையும் கிடைத்துவிடாது. வசதியாக அனுபவிக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு நிலம் தேவை என்பதை நீதிமன்றம் முடிவு செய்து, உத்தரவுக்கு முந்தைய மூன்று வருஷச் சந்தை மதிப்பின் சராசரியை விலையாக வைக்கும்.

நிபந்தனைகள் கடுமை. சம்மன் கையில் கிடைத்த ஒரு மாசத்துக்குள் மனு போட வேண்டும். வக்கீல் பார்த்து, வக்காலத்துப் போட்டு, ‘அடுத்த வாய்தாவுக்குப் பதில் சொல்லலாம்’ என்று இருந்தால் அந்த ஒரு மாசம் ஓடிப்போகும். 1979-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் தொடங்கிய மனை வாடகைக்குத்தான் இது பொருந்தும். கோயில் நிலங்கள் 1996-ஆம் ஆண்டின் திருத்தத்தோடு வெளியே போய்விட்டன. இன்னொரு பக்கம், 9-ஆவது பிரிவு என்பதே ‘நிலம் உங்களுடையது, எனக்கு விலைக்குக் கொடுங்கள்’ என்ற கோரிக்கை. எதிருரையில் ‘நிலமே என்னுடையது’ என்று எழுதிவிட்டு இதையும் கேட்டால் இரண்டும் ஒட்டாது. உண்மையிலேயே இந்தச் சட்டத்தின் பலன் கிடைக்கக்கூடிய குடும்பம், யாரோ சொன்னதைக் கேட்டு எதிரிடை அனுபவம் பேசப் போய்க் கையில் இருந்ததையும் விட்டுவிடுவது இந்தத் துறையில் பார்க்கக் கஷ்டமான விஷயம்.

பிற்காலத்தில் எடுத்த மனை என்றால் ஓனரின் சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டடம் எழுப்பவே கூடாது. காலி செய்யும்போது நீங்கள் பொருத்தியவற்றைக் கழற்றிக்கொண்டு போகலாம்.

போக்கியத்துக்கு எடுத்த வீடு இது. பணம் திருப்பித் தரவில்லை என்றால் வீடு எனக்குத்தானே?

இல்லை. பணம் வரும்வரை இருக்கலாம், வீடு உங்களுடையதாகாது. போக்கியம் அடமானமாகவே இருக்கும். ‘இத்தனை வருஷத்தில் திருப்பாவிட்டால் வீடு உனக்கு’ என்று எழுதியிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது.

வாட்ச்மேனாக வைத்தவர், ஒண்ட இடம் கொடுத்த சொந்தக்காரர் ‘போகமாட்டேன்’ என்கிறார். இவரும் வாடகைதாரர்தானா?

வாடகை வாங்கவில்லை என்றால் வாடகைதாரர் ஆகமாட்டார், அனுமதியின்பேரில் இருப்பவர். காவலாளி, வேலையாள், சொத்தைப் பார்த்துக்கொள்ள வைத்தவர் ஆகியோர் எத்தனை வருஷம் இருந்தாலும் உரிமை பெற முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோவா வழக்கில் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. சாட்சியச் சட்டத்தின் அதே தடை இவர்களுக்கும் உண்டு. சொந்தக்காரர்தானே என்று கூச்சப்படாமல், இடம் கொடுக்கும்போதே ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

போலீசில் புகார் கொடுத்தால் காலி செய்ய வைப்பார்களா? நானே பூட்டுப் போடலாமா?

‘சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்று ஸ்டேஷனில் சொன்னால் அவர்கள் சொல்வது சரி. போலி கையெழுத்து, போலிப் பத்திரம் என்றால் மட்டும் குற்றப் புகாருக்கு இடம் உண்டு.

பூட்டுப் போடுவது, ஆள் வைத்து சாமானைத் தெருவில் வைப்பது, தண்ணீரை நிறுத்துவது எல்லாம் உங்கள் நல்ல வழக்கை நீங்களே கெடுத்துக்கொள்வது. சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாசத்துக்குள் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 6-ஆவது பிரிவில் வழக்குப் போட்டால், யார் உரிமையாளர் என்ற கேள்வியையே எடுக்காமல் சுவாதீனத்தை அவருக்குத் திருப்பிக் கொடுப்பார்கள். உரிமையைப் பேசாமல் ஓனர் ஜெயிக்கும் விதி ஒன்று இருப்பதுபோல, உரிமையைப் பேசாமல் வாடகைதாரர் ஜெயிக்கும் விதி இது.

தீர்ப்பு எனக்குச் சாதகம். ஆனால் சாவி வரவில்லை. அடுத்து?

தீர்ப்பைச் செயல்படுத்தச் சொல்லும் நிறைவேற்று மனு. தீர்ப்பிலிருந்து 12 வருஷம் வரை போடலாம், ஆனால் மேல்முறையீட்டில் தடை எதுவும் இல்லையென்றால் உடனே போடுங்கள். கோர்ட் ஊழியரான அமீனா சுவாதீனம் எடுக்கப் போகும் நாளில் புதிதாக ஒருவர் வாசலில் நின்று ‘நான் இவருக்கு வாடகைதாரர் இல்லை, எனக்கே உரிமை உண்டு’ என்பார். மைத்துனர், பங்குதாரர், உள்வாடகைக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். அதற்காகத் தனி வழக்குத் தொடுக்க வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆவது கட்டளையின் 97-ஆவது விதியில் தடையை நீக்கச் சொல்லி மனு போட்டால், அந்த ஆளின் உரிமையையும் நிறைவேற்று நீதிமன்றமே விசாரித்து முடிவு செய்யும். அமீனா திரும்பி வந்து எழுதும் அறிக்கையில் யார் தடுத்தார், என்ன பெயர் சொன்னார், என்ன காகிதம் காட்டினார் என்று இருக்கிறதா என்பதை அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.